தள்ளாத சிப்பாய்

பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் அந்த ஆய்வகத்தில் அவளுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்குவாள், கையைத் துடைப்பாள், போனை எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள். வைத்த சூட்டோடு மறுபடி எடுப்பாள். இந்த லட்சணத்தில் வேலை எப்படி ஓடும்? வலப்பக்கத்துக்குக் கேட்ட பல்லை இடப்பக்கத்துக்குச் செய்து வைத்திருந்தாள். முதலாளியம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதைப் பொருத்த வேண்டுமானால் நோயாளியின் தலையைத்தான் திருப்பி மாட்ட வேண்டும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

போனில் இருந்தது ஒரு செஸ் ஆட்டம். எதிரில் ஆடுவது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், கப்பலில் இன்ஜின் அறை மெக்கானிக். ஒரு நகர்வுக்கு மூன்று நாள் அவகாசம். அண்ணன் தங்கைக்கு நடுவில் மிச்சமிருந்தது அந்த ஆட்டம் ஒன்றுதான். பேச்சுவார்த்தை அறுந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

அறுந்ததற்குக் காரணம் இவள்தான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நடுக்கடலில் இருக்கிறவனைப் பதறவைப்பானேன் என்று சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? எல்லாம் முடிந்த பிறகுதான் அவன் வந்து சேர்ந்தான். எனக்காக முடிவு பண்ண நீ யாரு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். போன் போட்டால் எடுக்கவில்லை, எழுதினால் பதில் இல்லை. ஆறு மாதம் கழித்து, ஒரு வார்த்தை கூட இல்லாமல், செஸ் தளத்தில் ஆட்டத்துக்கு ஓர் அழைப்பு மட்டும் வந்தது. அவள் விழுந்தடித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டாள்.

வந்த வினை என்னவென்றால், அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவனிடம் தோற்றே பழகியவள், இப்போது ராஜா, ஒரு யானை, ஒரு சிப்பாய் என்று நின்றாள். அவனிடம் ராஜாவும் யானையும் மட்டும். இந்த மாதிரி இறுதிக்கட்டத்தை எப்படி முடிப்பது என்று அவளுக்கு முதலில் தெரியாது. இணையத்தில் அதற்கென்றே பயிற்சிப் பக்கம் இருக்கிறது. காய்களை வைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் இயந்திரம் உட்கார்ந்துகொள்ளும். சிப்பாய்க்கு வழிவிட நாம் ராஜாவை வெளியே எடுத்தால் போதும், யானையை வைத்து செக், செக் என்று துரத்தும். நம் யானையைக் குறுக்கே கொண்டுவந்து அந்தச் செக்கை மறைக்க வேண்டும். அதற்குப் பாலம் கட்டுவது என்று பெயர். பஸ்ஸில் கட்டினாள், சாப்பாட்டு இடைவேளையில் கட்டினாள், மாவில் கையை வைத்துக்கொண்டும் கட்டினாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் புருஷன், பாலம் கட்டி முடிந்ததும் சொல், வண்டியை அந்தப் பக்கமாக விடுகிறேன் என்று கிண்டலடித்தான்.

அத்தோடு விட்டாளா? இணையத்தில் டேபிள்பேஸ் என்று ஒரு கணினிக் கணக்கு இருக்கிறது. பலகையில் ஏழு காய்க்கு மேல் மிச்சம் இல்லை என்றால் அதற்குத் தெரியாததே இல்லை. எந்த நகர்வு ஜெயிக்கும், எது சமனாகும், எத்தனை நகர்வில் மேட் என்று புட்டுப்புட்டு வைத்துவிடும். நடக்கிற ஆட்டத்துக்கு அதைப் பார்ப்பது திருட்டு ஆட்டம்தான், தளத்தின் விதியிலேயே கூடாது என்று போட்டிருக்கிறது. மனசு கேட்டால்தானே! அண்ணனோடு ஆடும் நிலையை அப்படியே அதில் வைத்துப் பார்த்தாள். சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்ட ஒரு அடிதான் பாக்கி. பாலத்தைக் கட்டித் தள்ளினால் ராணியாகிவிடும், ஆட்டமும் முடிந்துவிடும்.

முடிந்தால்? அவன் பாட்டுக்குப் போய்விடுவான். பிறகு எதைச் சாக்காக வைத்து அவனைப் பிடிப்பது? வேண்டுமென்றே கோட்டைவிடவும் வழியில்லை. சின்ன வயதில் அவன் காய்ச்சலில் கிடந்தபோது பாவமாக இருக்கிறதே என்று ஒருமுறை தோற்றுக்கொடுத்தாள். அதைக் கண்டுபிடித்துப் பலகையையே கவிழ்த்துவிட்டான் அவன்.

ஆகவே இந்தக் கெட்டிக்காரி ஒன்று செய்தாள். டேபிள்பேஸ் பச்சையில் காட்டும் ஜெயிக்கிற நகர்வுகளில் எது ஆட்டத்தை அதிகம் இழுக்குமோ அதையே பொறுக்கி ஆடினாள். யானையை இந்தப் பக்கம் ஒரு நடை, அந்தப் பக்கம் ஒரு நடை. வெற்றியும் கையை விட்டுப் போகாது, அண்ணனும் போக மாட்டான். அதற்குள் ஒரு வார்த்தையாவது எழுதிவிட மாட்டானா என்ற நப்பாசை.

இப்படியே வாரக்கணக்கில் ஓடியது. பல்லை இடம் மாற்றிச் செய்த அன்று மத்தியானம், அதுவரை காலியாகக் கிடந்த அரட்டைப் பெட்டியில் அவன் எழுதியிருந்தான்: "நானும் டேபிள்பேஸ் பாத்துட்டுத்தான் இருக்கேன். மறுபடியும் எனக்காக நீயே முடிவு பண்றியா?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். படிக்கட்டுக்கு ஓடிப்போய், எனக்கு இன்னும் பாலம் கட்டத் தெரியவில்லை என்று கூசாமல் தட்டினாள். அனுப்பப்போன விரல் நின்றது. ஒரு வருஷமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பதே இப்படி ஒரு பொய்யால்தானே! அழித்துவிட்டு எழுதினாள்: "ஆட்டம் முடிஞ்சா நீ போயிடுவ. அந்த பயம்தான்."

ஆட்டத்தில் அவன் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டில் உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் நடந்தாள். சோற்றைப் பிசைந்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடமிருந்து புருஷன் தட்டை வாங்கி மூடிவைத்தான். இந்த முறை அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

மூன்றாம் நாள், அவகாசம் தீரப்போகும் சமயம், ஆய்வகத்தில் இருக்கும்போது நகர்வு வந்தது. அவன் தன் யானையைக் கொண்டுவந்து அவள் யானைக்கு நேராக, வெட்டிக்கொள் என்று வைத்திருந்தான். தன்னைத் தலைமுழுகிவிட்டான், ஒரேயடியாகத் தீர்த்துக்கொண்டு போகப்போகிறான் என்று அவளுக்குப் பட்டது. வெட்டாமல் இருக்கலாம், இன்னும் இழுக்கலாம். ஆனால் அதுவும் அந்தப் பழைய வேலைதான். வெட்டினாள்.

அவன் ஆன்லைனில்தான் இருந்தான். உடனே ராஜாவை நகர்த்தினான். அவள் சிப்பாயைத் தள்ளி ராணியாக்கினாள். அதுவரை மூன்று நாளைக்கு ஒன்றாக நகர்ந்த ஆட்டம் மடமடவென்று ஓடியது. கடைசியில் மேட். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று திரை வாழ்த்தியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, படிக்கட்டுக்கு வந்து நின்று அந்த வாழ்த்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அண்ணன். பின்னால் இன்ஜின் இரைச்சல்.

"அம்மா கடைசில என்ன கேட்டாங்க? எதையும் மறைக்காம சொல்லு."

தூக்கத்திலேயே நிம்மதியாகப் போய்விட்டார்கள் என்பதைத்தான் அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அது நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதை விழுங்கினாள்.

"உன்னத்தான் கேட்டாங்க. நீ வந்துட்டே இருக்கன்னு சொன்னேன். நம்பிட்டாங்க. கதவையே பாத்துட்டு இருந்தாங்க."

மறுமுனையில் இரைச்சல் மட்டும் கேட்டது. வைத்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"அப்புறம்?" என்றான் அண்ணன்.

அவள் படியில் உட்கார்ந்து, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.