ஆமாஞ்சாமியும் இரண்டு ‘நிறுத்து’களும்

கணினித் திரை எதைக் கேட்டாலும், கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் ‘ஆம்’ என்று தட்டிவிடுவது அவன் வழக்கம். அதனால் அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் விழுந்தது. வைத்தவள், அதே கணினிப் பிரிவில் அடுத்த மேசையில் வேலை பார்க்கும் அவனுடைய அண்ணி.

பெரிய கணினிக்குள் பல மெய்நிகர்க் கணினிகளைக் குடிவைத்துக் காப்பது இருவருக்கும் தொழில். அலுவலகத்தையே ஓட்டும் கணினிகள் அவன் பொறுப்பு. பரிசோதனைக்கானவை அண்ணியின் பொறுப்பு. இரண்டுக்கும் மென்பொருள் வேறு வேறு. அன்று காலை, இருவரும் பயன்படுத்தும் மேலாண்மைக் கணினியில் தன் கணினிகளை இயக்கவும் நிறுத்தவுமான கட்டளைத் தொகுப்பைப் புதிதாக நிறுவினான். திரை ஏதோ கேட்டது. ‘ஆம்’ என்று தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான்.

அண்ணி வழக்கம்போல் தன் கணினிகளுக்கு ‘நிறுத்து’ என்று கட்டளையிட்டாள். அவை நிற்கவில்லை; அவன் கணினிகள் நின்று அலுவலகமே படுத்துவிட்டது. வாசற்கதவு திறக்க மறுத்தது. அச்சு இயந்திரம் பாதிக் காகிதத்தை நாக்குபோல் நீட்டியபடி நின்றது. கூட்ட அறைத் திரை இருண்டதும், கூட்டம் முடிந்ததென்று மகிழ்ந்து எல்லாரும் கைதட்டிக் கலைந்தார்கள்.

மேலாளர் மட்டும் கைதட்டவில்லை. “தட்டினது உங்க கைதானேம்மா? புதுக் கட்டடத்துக் கம்ப்யூட்டர் பொறுப்பை இன்னைக்கு உங்களுக்குத்தான் குடுக்கறதா இருந்தேன். இனி யோசிக்கணும்.”

“தினமும் தட்டுறதைத்தான் சார் தட்டினேன்” என்றாள் அண்ணி.

“ஆபீஸையே தூங்க வச்சிட்டீங்களே அண்ணி, தாலாட்டும் பாடினீங்களா?” என்று சிரித்துக்கொண்டே வந்த ஆமாஞ்சாமி, அந்த ‘நிறுத்து’ யாருடையது என்று கணினியையே கேட்டான். அவனுடைய தொகுப்பின் பெயர் வந்து நின்றது.

நேரே மேலாளரிடம் போனான்.

“சார், தப்பு என்னோடது. எங்க ரெண்டு பேர் தொகுப்புலயும் ‘நிறுத்து’ன்னு ஒரு கட்டளை இருக்கு. ஒரே வகுப்புல ஒரே பேர்ல ரெண்டு பசங்க. இனிஷியல் இல்லாம கூப்பிட்டா முன்பெஞ்சுக்காரன்தானே எழுந்திருப்பான்? அண்ணியோட ஆளைப் பின்னால தள்ளிட்டு என் ஆளை முன்னால உக்கார வச்சது நான்தான். கேக்காம இல்ல, கம்ப்யூட்டர் கேட்டுச்சு. நான் படிக்கல.”

மேலாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பொறுப்பு அவங்களுக்கே. நீ போய் எல்லாத்தையும் எழுப்பு.”

எழுப்பினான். பிறகு தன் தொகுப்பை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவினான். திரை கேட்டது. கையைக் கட்டிக்கொண்டு உரக்கப் படித்தான்: “‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை உள்ளது. அதை மறைக்கலாமா?’ என்ன அண்ணி சொல்லட்டும்?”

“ஆமாஞ்சாமிக்கு வேற பதில் தெரியுமா?”

அவன் ‘இல்லை’ என்று தட்டினான். பிறகு தன் கட்டளை ஒவ்வொன்றுக்கும் இனிஷியல் போடத் தொடங்கினான். அவளுடையதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.