கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதை வைத்துக்கொண்டு நான் பார்க்கும் வேலை, வீட்டுச் சாமான் விற்கும் ஓர் இணையக் கடையின் பட்டன்களில் என்ன எழுதலாம் என்று யோசிப்பது. 'வாங்கு' என்று எழுதுவேன். 'கூடையில் போடு' என்று எழுதுவேன். இதற்குத்தான் விழுந்து விழுந்து படித்தேன்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பரம்பரையில் நிரந்தர வேலை என்ற ஒன்றைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை என்பதால், வீடே அந்தக் கையெழுத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மேனேஜருக்கு ஒரே வெறி. ஒரு வாளி வாங்க வருகிறவர்கூட எங்களிடம் கணக்குத் தொடங்கிவிட வேண்டும். கணக்கில்லாமல் வாங்கவும் வழி உண்டு. அதைப் பக்கத்தின் அடியில், வெள்ளை மேல் வெளிர்ச் சாம்பலில், எறும்பு எழுத்தில் வைத்திருந்தார். கேட்டால், "குடுத்திருக்கோம்ல? கண்ணு தெரியலன்னா நாம என்ன பண்றது?" என்பார்.

ஒருநாள் அம்மா என் போனில் துடைப்பம் வாங்கப் பார்த்தாள்.

"ஏண்டி, தொடப்பத்துக்கு எதுக்கு என் பொறந்த தேதி? சம்பந்தம் பேசப்போறாங்களா?"

"கீழ பாரும்மா, சின்னதா ஒண்ணு இருக்கும்."

"திருட்டுப்பய வேலையா இருக்கே! இதையா நீ எழுதற?"

போனை என் மடியில் எறிந்துவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போய்விட்டாள்.

அம்மா மட்டுமில்லை. பாதிப்பேர் கூடையை நிரப்பிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "உன் எழுத்துல பாசம் பத்தலம்மா. சொந்தக்காரங்கள கூப்பிடற மாதிரி கூப்பிடு."

எங்கள் அலுவலகத்தில் எழுத்தை யாரும் படிப்பதில்லை. மேனேஜர் எட்டி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். நிறமும் நீளமும் சரியென்றால் ஒப்புதல். அந்தத் தைரியத்தில், கணக்குத் தொடங்கச் சொல்லும் ஆரஞ்சுப் பெட்டிக்குள் பெரிதாக எழுதினேன்: 'வாளி வாங்க உங்களுக்குக் கணக்குத் தேவையில்லை. எங்களுக்குத்தான் தேவை. வேண்டாதவர்கள், நாங்கள் அடியில் ஒளித்துவைத்திருக்கும் வரியைத் தொடவும்.'

"எடுப்பா இருக்கு," என்று ஒப்புதல் கொடுத்தார்.

புதுக் கணக்குகள் படுத்துவிட்டன. விற்பனை எகிறியது. "எவ பார்த்த வேலை இது?" என்று மேனேஜர் கத்திக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே முதலாளியம்மா வந்தார்.

"நம்மள நாமே கிண்டல் பண்ணிக்கிற அந்த வரி பிரமாதம். யாரு யோசனை?"

மேனேஜர் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். "நான்தாம்மா. வாடிக்கையாளர் இஷ்டத்தை மதிக்கணும்னு எத்தன நாளா கத்திட்டிருக்கேன்!"

கத்திக்கொண்டிருந்தது உண்மைதான். நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை அவர் பேனா முனையில் இருந்தது.

வாடிக்கையாளர் இஷ்டத்துக்கு அவர் கொடுத்த மதிப்பு அந்த வாரத்தைத் தாண்டவில்லை. என்னை அறைக்கு அழைத்தார். மேசையில் என் நிரந்தர ஆணை, கையெழுத்து மட்டும் பாக்கி.

"கணக்கு வேண்டாம்னவங்களுக்கெல்லாம் போன் போட்டு, ஏன் வேண்டாம்னு அன்பா கேக்கப்போறோம். என்ன பேசணும்னு எழுதிக் குடு. கையோட இதுலயும் போட்டுடறேன்."

அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன்: 'வணக்கம். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். எங்களுக்கு அப்போதே கேட்டுவிட்டது. இப்போது தொந்தரவு செய்ததற்கு மன்னிக்கவும்.'

அன்றைக்குப் பார்த்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்துப் படித்தார்.

"கொழுப்பா?"

"ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம்தானே சார்? அதுக்கு மேல என்ன எழுதறது?"

"உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும். இது எழுத மாட்டேன்."

ஆணை இழுப்பறைக்குள் போனது. "தற்காலிகமாவே கெட."

வீட்டில் சொன்னேன். "வாயைக் கொஞ்சம் மூடிட்டு இருந்திருக்கலாம்," என்றாள் அம்மா. வேறு யார் வாய் எனக்கு வரும்?

மறுநாள் மேனேஜர் என் மேசையருகே வந்து, ஒருவரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு குனிந்தார். அதே மாதிரி இன்னும் நாலு வரி முதலாளியம்மா அவரிடம் கேட்டிருக்கிறாராம். இரவெல்லாம் உட்கார்ந்தும் ஒன்றுகூட வரவில்லையாம்.

"அந்தப் போன் யோசனை என்னாச்சு சார்?"

"அது... விட்டாச்சும்மா."

"என் ஆணை?"

"பாக்கலாம்."

"அப்ப வரியும் பாக்கலாம் சார்," என்றேன்.

இழுப்பறை திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன்.