சாரா உம்மாவின் கடிதங்களைத் திறந்த லினக்ஸ்

1.
இருந்தவர்கள்: கணினிக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் கமறியா, கட்டில் ஓரத்தில் அவளிடம் கடிதம் எழுதிக்கொள்ளும் சாரா உம்மா, போகவும் இருக்கவும் மனமில்லாமல் வாசற்படியில் கமறியாவின் கணவர் ஜபார்.

இந்தக் கதை பிறந்தது அந்த அறையில்தான். எழுதுகிறவளும் கமறியாதான். குறிஞ்சிப்பிட்டியில் ஊராருக்காக நாள் முழுக்க 'நான்' என்று மனு எழுதுகிறவளுக்குத் தன் கதையிலாவது 'அவள்' ஆகிவிட ஆசை.

2.
முதல் தொடக்கம்: 1990இல் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட சாரா உம்மா, தனது... [வேண்டாம். எல்லா மனுவும் இப்படித்தான் தொடங்குகிறது.]

இரண்டாவது: சாரா உம்மாவின் மன்னார்க் காணியைத் திருப்பிக் கொடுப்பதென்றால், யுத்தம் முடிந்ததிலிருந்து அவர் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள் வெள்ளிக்கிழமைத் தபாலிலாவது காணிக் கந்தோருக்குப் போயாக வேண்டும். பிரதிகள் கமறியாவின் கணினியில் இருந்தன. அவற்றைத் திறக்கும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். புதியதில் ஓடாது. பழையதோ செத்துப்போயிருந்தது. [இதுவே இருக்கட்டும்.]

3.
விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டால் விண்டோஸ் சாமானை மறந்துவிட வேண்டியதுதான் என்று, புத்தளத்தில் கணினி திருத்தும் றிஸ்மின் போனில் சிரித்தார். [இந்த வரியில் கோபம் கூடிவிட்டது. பென் டிரைவை இரவல் தந்ததும் அவர்தான்.]

எதையும் பதியாமல், பென் டிரைவிலிருந்தே ஒவ்வொரு லினக்ஸ் வகையாக ஓட்டிப் பார்த்தாள் கமறியா. முதலாவது அழகு, ஆனால் மௌஸ் நகரவே யோசித்தது. இரண்டாவது வேகம், ஆனால் விண்டோஸ் மென்பொருளை ஓட்டிக்காட்டும் 'வைன்' அதில் ஏறவில்லை. (பெயர்களை எழுதாததற்குக் காரணம், குற்றம் கிழட்டுக் கணினியினுடையது.) மூன்றாவது லினக்ஸ் மின்ட், அதன் இலகுவான வகை. வைன் ஏறியது.

"உம்மாட காணிக்கு வைன்தானா கிடைச்சிச்சு?" என்றார் ஜபார்.

மென்பொருள் திறந்தது. கடிதமும் திறந்தது, ஆனால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கிலக் கிறுக்கல்.

"இங்கிலீசுல எழுதச் சொல்லலயே மகள்," என்றார் சாரா உம்மா.

எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். செத்த விண்டோஸின் கோப்புறையிலிருந்து அதை எடுத்து வைனுக்குள் போட்டு, கடிதத்தை மறுபடி திறந்தாள். 'ஐயா, எனது வளவின் மேற்கெல்லையிலுள்ள கிணறு...'

சாரா உம்மா திரையருகே குனிந்தார். "அல்ஹம்துலில்லாஹ். இது என்ட கிணறு."

அப்போது கமறியாவின் கண்களில் [கண்ணீர் என்று எழுத வந்து நிறுத்தியாயிற்று. அவள் சிரித்தாள், பலமாக.]

4.
ஓடுகிறதா என்று கேட்க றிஸ்மின் போன் எடுத்தார்.

"ஓம், ஓடுது. உங்கட கடைக்கும் போட்டுத் தரவா?"

முடிவு அ: காணி கிடைத்தது. முடிவு ஆ: இன்னுமொரு பிரதி கேட்டார்கள். [இரண்டும் அழிக்கப்பட்டன. கந்தோரின் பதிலை எழுதும் அதிகாரம் கமறியாவுக்கு இல்லை, வாசிக்கிறவர் எழுதிக்கொள்ளலாம்.]

அவளால் எழுத முடிந்தது இவ்வளவு: வெள்ளிக்கிழமை, கடைசிப் பிரதியும் உறைக்குள் போனதும், சாரா உம்மா உறையைத் தானே ஒட்டி உள்ளங்கையால் அழுத்தினார். தபால் கந்தோரில் பதிவுத் தபால் முத்திரை இரண்டு தரம் விழுந்தது.