அனுசரணை வழங்குவோர்

அந்தக் காலத்து வானொலியில் சோப்புக் கம்பனியும் தேயிலைக் கம்பனியும் கச்சேரி வைத்தன. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், பலசரக்குக் கடையின் மேல்மாடியில் நடக்கும் எங்கள் வானொலிக்கு வாய்த்தது ஒரு பியூனரல் சேர்விஸ். நகைக்கடைக்காரரும் சேலைக்கடைக்காரரும் சினிமாப் பாட்டுக்குத்தான் காசு தருவார்கள். கர்நாடக சங்கீதம் என்றதும் அவர்களுக்குத் தொலைபேசியில் காது கேட்காமல் போய்விடும். சனிக்கிழமைக் கச்சேரியை நிறுத்திவிடலாம் என்று நான் இருந்தபோது, கேட்காமலே வந்து நின்றவர் சற்குணம் அண்ணை. இறந்தவர்களை அடக்கம் செய்து கொடுக்கிற தொழில்.

"உங்களுக்கு இதாலை என்ன லாபம் அண்ணை?"

"இந்த ஊரிலை என்ரை பேரைச் சந்தோசமான நேரத்திலை ஆரும் சொல்லுறேல்லை, சுசிலா. நீங்கள் சொல்லுங்கோ."

அன்றிலிருந்து ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் சொல்லி வருகிறேன். நேயர்கள் பகிடி பண்ணுவார்கள். அந்த விளம்பரத்துக்குப் பிறகு கல்யாணி பாடினாலும் முகாரி மாதிரிக் கேட்கிறதாம். கேட்கட்டும்.

போன சனிக்கிழமை மஹதியின் முதல் வானொலிக் கச்சேரி. இப்போதுதான் டாக்டருக்குப் படித்து முடித்த பெண். குரலில் ஒரு நிதானம். அவள் உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்ததும், அவளுடைய தாய் பிரீத்தா என் கையைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டுட்டு இருக்காங்க, சுசிலா. முதல் முதலா பாடறா. இன்னிக்கு மட்டும் அந்த விளம்பரம் வேண்டாமே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறக்குமுன் பின்னால் குரல் கேட்டது. கச்சேரி கேட்கவென்று சற்குணம் அண்ணையும் வந்து, கைகளை முன்னால் கோத்தபடி கதவருகில் நின்றிருந்தார். தொழில் பழக்கம்.

"தாய் மனம்தானே. என்ரை பேரை விடுங்கோ தங்கச்சி. பிள்ளை பாடட்டும். காசு வழமை மாதிரித் தாறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் மனம் வரவில்லை. இருந்தாலும் உள்ளே போய், வெறும் வணக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு மஹதியைப் பார்த்தேன்.

அவள் பாடவில்லை. திறந்திருந்த கதவு வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி. இந்தக் கச்சேரிக்கு ஸ்பான்சர் சற்குணம் அங்கிள். கொரோனா டைம்ல எங்க தாத்தா போனப்போ, தகனத்துக்குக்கூட எங்களை உள்ள விடலை. நான் வீடியோ கால்ல பாடினேன். முடியற வரைக்கும் அங்கிள்தான் தாத்தா பக்கத்துல போனைப் பிடிச்சுட்டு நின்னார். தேங்க்ஸ் அங்கிள்."

சொல்லிவிட்டு வர்ணத்தை எடுத்தாள்.

என் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளில் அந்த மனிதர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிரீத்தாவுக்குத் தெரியாதா? தெரியும். பயம் வந்தால் நன்றி பின்னால் போய்விடுகிறது. அவர் பேரைச் சொல்லாமல் விட்ட எனக்கும் அப்படித்தானே போனது.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தேன். சற்குணம் அண்ணை தலையைக் குனிந்தபடி கதவருகிலேயே நின்றார். பிரீத்தா, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து அந்த நாற்காலியை மெல்லத் தட்டினார்.