சங்கிலி ஜெபத்தில் பெனிட்டாவின் மணி

மாதா திருவிழாவுக்கு முன் ஒன்பது நாள் கடலோரக் கோட்டுச்சேரிமேட்டில் சங்கிலி ஜெபம் நடக்கும். இரவு பகல் விடாமல், மணிக்கு ஒருவராக, அவரவர் வீட்டிலிருந்தே ஜெபமாலை சொல்வார்கள். யாருக்கு எந்த மணி என்று கோயில் கதவில் தாள் ஒட்டியிருக்கும்.

இந்த வருஷம் இரவு பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை ஒரே பெயர்: பெனிட்டா. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள். "எம் பொண்ணுக்குத் தூக்கமே வேணாங்க, மாதா போதும்" என்று அவள் அம்மா ஜெயமேரி எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

உண்மையில் பெனிட்டாவுக்குத் தூக்கம் வராமல் போய் ஒரு மாதமாகியிருந்தது. விழித்திருக்க ஒரு காரணம் வேண்டுமென்றுதான் பெயர் கொடுத்தாள். பகல்கள் தண்ணீருக்கடியில் கழிவதுபோலிருந்தன. பேசுகிறவர்களின் உதடு முதலில் அசைந்தது; குரல் பிறகு வந்து சேர்ந்தது. அலைச் சத்தம் தலையணைக்குள்ளிருந்து கேட்டது. ஜெபமாலையை உருட்டும்போது, இனி இல்லாமல் போனால் என்ன என்ற நினைப்பு பூனைபோல வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம், கூடப் படிக்கும் சிவப்ரியா நெடுங்காட்டிலிருந்து நோட்டு வாங்க வந்தாள். வழியில் கோயில் கதவிலிருந்த தாளைப் பார்த்திருந்தாள்.

"ஏண்டி, உங்க ஊர்ல வேற ஆளே இல்லையா? மாதாவே, போதும் போய்ப் படுடின்னு வெரட்டப் போறாங்க."

பெனிட்டா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நீ தூங்கி எத்தன நாளாச்சு?"

"தெரியலடி."

"செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

இத்தனை நேராக யாரும் கேட்டதில்லை. "ஆமா" என்றாள். சொன்னதும் அழுகை வந்தது. "யார்ட்டயும் சொல்லிடாத."

"சொல்லத்தான் போறேன். கோவிச்சுக்க, பரவால்ல." பிடித்த கையை விடாமலே சிவப்ரியா குரல் கொடுத்தாள். "அம்மா, கொஞ்சம் வாங்களேன்."

கேட்ட ஜெயமேரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பக்தின்னுல்ல நெனச்சேன்" என்றாள். திட்டவில்லை. மகளின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா பெனிட்டாவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். இது குணமாகும், முதலில் தூக்கத்தைச் சரிசெய்வோம் என்றார். மாத்திரை எழுதினார். தினமும் ஒரே நேரத்தில் படுக்கணும், போன் அம்மாவிடம் இருக்கணும், இப்போதைக்கு அவளைத் தனியே விடக்கூடாது, வாராவாரம் வரணும் என்றார்.

திரும்பும்போது ஜெயமேரி, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை யாகப்பனிடம் சொன்னாள். "அந்த மணியெல்லாம் வேற ஆளுக்குப் போடுங்கண்ணே. புள்ள தூங்கணும்."

அவர் காரணம் கேட்கவில்லை. "ராத்திரிக்கு ஆளு கெடச்சுதேன்னு சந்தோசமா இருந்துட்டேன், தப்பு என்னுதுதாம்மா" என்று பன்னிரண்டு மணிக்கு எதிரே தன் பெயரை எழுதினார். இருட்டுவதற்குள் அக்கம்பக்கத்தார் இன்னும் மூன்று மணிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மீதியிருந்தது நாலு மணி.

"நான் நாலுக்கே எந்திரிச்சிடுவேன்" என்றாள் சிவப்ரியா. "ஜெபமால தெரியாது. சிவாயநம சொன்னாப் பரவால்லயா?"

"சொல்லும்மா" என்றார் யாகப்பன். "யாரு வேணாங்கப் போறா?"

ஒன்பதரைக்கு விளக்கை அணைத்து, ஜெயமேரி மகள் பக்கத்தில் பாய் போட்டு, தாழ்ந்த குரலில் ஜெபமாலை தொடங்கினாள்.

"நானும் சொல்லட்டாம்மா?"

"வேணாம். ஒன் பங்கையும் சேத்து நான் சொல்றேன். நீ தூங்கு."

ஜெபமாலையின் ஐந்து பத்துகளில் மூன்றாம் பத்து வரை பெனிட்டாவுக்குக் கேட்டது. நான்காம் பத்தில் அலைச் சத்தம் தலையணையை விட்டு எழுந்து, வாசல் தாண்டி, மணல் தாண்டி, கடலுக்கே திரும்பிப் போனது.