நுரையோடு வந்த சாட்சிகள்

அந்தச் சனிக்கிழமை காலை வீடியோ அழைப்பில் லேட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததுமே மற்ற இருவரும் பயந்துபோனார்கள்.

கல்லூரியில் ஒரே வகுப்பில் இயற்பியல் படித்த மூன்று பேர் அவர்கள். ஐம்பது வயது வாசல்வரை வந்து நிற்கிறது. ஆனாலும் சனிக்கிழமை அரட்டை மட்டும் நின்றதில்லை. அந்தக் காலத்தில் வைத்த பெயர்களும் உதிரவில்லை. முதல் வகுப்புக்குக் கிளம்பி இரண்டாவது வகுப்புக்கு வந்து சேர்வாள் என்பதால் ஒருத்தி லேட்டு. காதோடு காதாக ஒன்று சொன்னால் அடுத்த கட்டடத்தில் ஆள் திரும்பிப் பார்ப்பான் என்பதால் இன்னொருத்தி மைக்செட். மூன்றாமவள் உயரமும் ஒல்லியுமாக இருந்தாள், ஒட்டடைக்குச்சி. சுருக்கமாக ஒட்டடை. இப்போது அதில் உயரம் மட்டும்தான் பாக்கி.

மைக்செட் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. அங்கே மணி பழுதானபோது யாரும் அவசரப்பட்டுச் சரிசெய்யவில்லை. ஒட்டடை திரைச்சீலை தைத்து, வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுப்பவள். லேட்டுவுக்கு வானிலை நிலையத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "அதுக்கும் மெதுவா வருவேன், அவசரம் என்ன?" என்பாள்.

"என்னடி ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் மைக்செட்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் ஏன் நேரத்துக்கு வந்திருக்க? பொய் சொல்லாத. வேலை போயிடுச்சா?"

ஒட்டடை அப்போது யாரோ ஒருவர் வீட்டில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தாள். கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்து, வாயில் ஊசிகளைக் கவ்வியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கல்யாணம்," என்றாள் லேட்டு.

அடுத்து நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்வது கஷ்டம். மைக்செட் போட்ட கூச்சலில் அவள் புருஷன் பல் தேய்க்கும் பிரஷ் வாயில் தொங்க ஓடிவந்தார். மாடிவீட்டு அம்மா, "எங்க தீப்பிடிச்சிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினார். ஒட்டடையைத் திரையில் காணவில்லை. கேமராவில் ஆடிக்கொண்டிருந்த ஏணி மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது. "சோபா மேலதான் விழுந்தேன். நீ சொல்லு, யாரு மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை ரொட்டிக்கடைக்காரர். மனைவியை இழந்து சில வருடங்கள் ஆன மனிதர். காற்றில் ஈரம் கூடினால் மாவுக்குத் தண்ணீர் குறைக்க வேண்டும், குறைந்தால் கூட்ட வேண்டும். அதற்காகத் தினமும் காலையில் வானிலை நிலையத்துக்குப் போன் செய்து, "இன்னிக்கு ஈரப்பதம் எவ்வளவுங்க?" என்று கேட்பார். எடுப்பவள் லேட்டு. எண்ணைச் சொல்லி வைத்துவிடுவாள். அப்புறம் எண்ணோடு சேர்த்து, "காத்தும் அடிக்கும், ஜன்னலைச் சாத்திக்குங்க" என்றாள். அவர், "நேத்து நீங்க சொன்னபடி செஞ்சேன், ரொட்டி பஞ்சு மாதிரி வந்துச்சு" என்றார். லேட்டு லீவு போட்ட ஒருநாள், வேறு யாரோ எடுத்து ஈரப்பதத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்டுக்கொண்டார். போனை வைக்கவில்லை. "அவங்க வரலையா?" என்றாராம்.

"அலுவலகமே சிரிச்சுது," என்றாள் லேட்டு. அவள் காது சிவந்திருந்தது.

"இந்தக் காலத்துல ஈரப்பதம் போன் திரையிலயே வருமேடி! எல்லாருக்கும் வருதே!" என்றாள் ஒட்டடை.

"அது அவருக்கும் தெரியும்," என்றாள் லேட்டு. இரண்டாவது தடவை கூச்சல் கிளம்பியது. இம்முறை மாடிவீட்டு அம்மா வரவில்லை.

பதிவு அலுவலகத்தில் எளிமையாகக் கையெழுத்து, அதோடு சரி என்று முடிவாகியிருந்தது. சாட்சிகள் இவர்கள் இருவரும்தான். "பத்தரைக்கு வந்துடுங்க. பதிவாளர் அம்மா ரொம்ப கறார். மதியம் கிளம்பிட்டாங்கன்னா அடுத்த தேதிக்கு மாசக்கணக்கா காத்திருக்கணும்," என்று லேட்டு சொன்னபோது மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நேரத்துக்கு வரும்படி லேட்டு சொல்வதாம்!

கல்யாணத்துக்கு முந்தைய நாளே மைக்செட் ரயிலேறி ஒட்டடை வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் காலை இருவரும் காரில் கிளம்பினார்கள். ஓட்டியது ஒட்டடை. அவளுக்கு உரிமம் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. பரிசோதகர் ஒருவர் மாற்றலாகிப் போனபிறகுதான் அதுவும் கிடைத்தது. ஸ்டீயரிங்கை யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பதுபோல் இறுகப் பிடித்திருந்தாள்.

"பின்னாடி லாரி வருதுடி."

"பின்னாடி வர்றதைப் பத்தி லாரிக்காரர் கவலைப்படட்டும்."

லேட்டுவின் ஊருக்குள் நுழைந்ததும் ஒட்டடைக்கு ஒரு கவலை வந்தது. இரவெல்லாம் மரத்தடியில் நின்ற கார். ஊர்ப் பறவைகள் அத்தனையும் அதன்மேல் கைவரிசையைக் காட்டியிருந்தன. "இந்தக் கோலத்துல கல்யாணப் பொண்ணை எப்படி ஏத்தறது? நேரம் இருக்கு. கழுவிட்டுப் போயிடலாம்," என்று ஒரு கார் கழுவும் நிலையத்துக்குள் திருப்பினாள். அங்கே எல்லாம் இயந்திரம். காரை வாசலில் நிறுத்தினால் தரையே இழுத்துக்கொண்டு போகும். முதலில் தண்ணீர், பிறகு இளஞ்சிவப்பு நுரை, பிறகு ஆளுயர பிரஷ்கள், கடைசியில் அலசல்.

நுரை வந்தது. கண்ணாடி, கூரை என்று எங்கும் கொழகொழவென்று வழிந்தது. பிரஷ்கள் இரண்டு பக்கமும் வந்து அணைத்துக்கொண்டன. அப்படியே நின்றுவிட்டன. தரையும் நின்றது. சத்தம் மொத்தமும் அடங்கியது.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள் மைக்செட்.

"அலசவே இல்லையே."

கதவைத் திறக்கப் பார்த்தார்கள். பிரஷ் விடவில்லை. ரப்பர் பூட்ஸ் போட்ட நிலையத்துப் பெண் ஒருத்தி முன்கண்ணாடி நுரையை வழித்துவிட்டுத் தட்டி, வாயசைத்து என்னவோ சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே எல்லாம் இளஞ்சிவப்பு இருட்டு. ஒட்டடைக்கு முதலில் சிரிப்பு வந்தது. மைக்செட்டுக்கும் தொற்றிக்கொண்டது. சீட் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த மைக்செட் சட்டென்று நிறுத்தினாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. தொண்டையில ஒரு கட்டி."

ஒட்டடை திரும்பினாள்.

"கெட்டது இல்லைன்னுட்டாங்க. பயப்படாத. ஆனா எடுத்தாகணும். பக்கத்துலயே குரலுக்குப் போற நரம்பு ஓடுதாம். பட்டுடுச்சுன்னா..." அவள் குரல் தாழ்ந்தது. அவ்வளவு மெல்ல அவள் பேசி ஒட்டடை கேட்டதே இல்லை. "பட்டுடுச்சுன்னா இப்படித்தான் பேச முடியுமாம். எப்பவும்."

ஒட்டடை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நுரை கண்ணாடியில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"உன்னோட சத்தத்தைக் கேட்டு இத்தனை வருஷமா காது வலிக்குதுன்னு திட்டியிருக்கேன்," என்றாள் ஒட்டடை கடைசியில். "அதெல்லாம் சும்மாடி."

"தெரியும்."

"பாதி நிஜம்."

"அதுவும் தெரியும்," என்று மைக்செட் அழுதபடியே சிரித்தாள். "இன்னிக்கு அவகிட்ட சொல்லிடாத. அவ நாள் இது."

அப்போது கைப்பேசி அடித்தது. லேட்டு. "எங்கடி இருக்கீங்க? மதியம் ஆகப்போகுது! நாங்க சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னாடியே வந்துட்டோம்!"

"நுரைக்குள்ள இருக்கோம்," என்றாள் ஒட்டடை.

"என்னது?"

பதிவு அலுவலகத்தில் லேட்டு விளக்கத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பதிவாளர் அம்மா மேசையை ஒழுங்குபடுத்தி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் லேட்டு, "மழை வரும்போல இருக்கு, குடை கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டுவைத்தாள்.

பதிவாளரின் கை நின்றது. "வருமா? வானிலை நிலையம்னு விண்ணப்பத்துல பார்த்தேன். ஞாயித்துக்கிழமை எப்படிங்க? பொண்ணோட பிறந்தநாளை மொட்டைமாடில வெச்சிருக்கேன்."

லேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடலில் எங்கோ கிடந்த காற்றழுத்தத் தாழ்வில் தொடங்கினாள். அது எந்தப் பக்கம் நகரலாம், நகர்ந்தால் என்ன, நகராவிட்டால் என்ன, மேகம் எந்த உயரத்தில் கூடும் என்று இழுத்தாள். ரொட்டிக்காரர் பக்கத்தில் நின்று, "ஈரப்பதத்தைச் சொல்லு, ஈரப்பதத்தைச் சொல்லு," என்று எடுத்துக்கொடுத்தார். பதிவாளர் கைப்பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

இங்கே பூட்ஸ் போட்ட பெண் கடப்பாரை மாதிரி ஒன்றை வைத்துப் பிரஷ்களை நெம்பி விலக்கியிருந்தாள். "மெக்கானிக் வர இன்னும் நேரமாகும். தண்ணியும் வராது. இருந்து கழுவிட்டுப் போறீங்களா, இப்படியே போறீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒட்டடை வண்டியைக் கிளப்பினாள்.

கடைவீதி வழியாக இளஞ்சிவப்பு நுரை மலை ஒன்று நகர்ந்து போனது. முன்கண்ணாடியில் வைப்பர் மட்டும் வழிவிட்டு வழிவிட்டு ஆடிக்கொண்டிருந்தது. காற்றில் நுரைத் துண்டுகள் பிய்ந்து பறந்தன. கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். பள்ளிக்கூட வேன் ஒன்றிலிருந்து பிள்ளைகள் கையை நீட்டி நீட்டிப் பிடித்தார்கள். நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கையை நீட்டி மறித்தார்.

மைக்செட் ஜன்னலை இறக்கினாள். ஒரு கை நுரை அவள் மடியில் விழுந்தது. "சார்! கல்யாணம்! நாங்கதான் சாட்சி! விடுங்க!"

அவள் எழுப்பிய சத்தத்தில் நாலு பக்கத்து வண்டிகளும் தாமாகவே நின்றன. காவலர் காதைத் தேய்த்துக்கொண்டே வழிவிட்டு ஒரு சல்யூட்டும் வைத்தார்.

"இப்படிக் கத்தினா நரம்பு என்னடி ஆகும்?" என்றாள் ஒட்டடை.

"இருக்கறவரைக்கும் அனுபவிச்சுக்கறேன்," என்றாள் மைக்செட். சந்தோஷத்தில் அவள் முகம் பளபளவென்றிருந்தது.

பதிவு அலுவலக நடைபாதையில் நுரைத் தடம் பதிய இருவரும் ஓடிவந்தார்கள். லேட்டு நீல உடையில் எழுந்து நின்றாள். வெள்ளைச் சட்டை போட்ட ரொட்டிக்காரர் உருண்டையாக, பார்த்தவுடன் பிடித்துப்போகிற முகத்தோடு இருந்தார். கட்டிப்பிடித்ததில் மணமக்கள் மேலும் நுரை ஏறியது. பதிவாளர் தமது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கறாராகக் கேட்டார், "சாட்சிகளுக்கு மணமக்களைத் தெரியுமா?"

"பொண்ணை நல்லாத் தெரியும். மாப்பிள்ளையை இப்பத்தான் பார்க்கறோம்," என்றாள் ஒட்டடை. "ஆனா ஆள் நல்லவர்னு தெரியுது."

"எப்படி?"

"இவ நேரத்துக்கு வந்திருக்காளே!"

பதிவாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மணமக்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒட்டடை போட்டாள். மைக்செட் பேனாவை வாங்கும்போது ஒட்டடையின் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னாள், "ஆபரேஷன் விஷயத்தை மூச்சு விடாத, என்ன?"

அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். நடைபாதையில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன ஆபரேஷன்?" என்றாள் லேட்டு.

வேறு வழியில்லாமல் அங்கேயே, பதிவாளர் முன்னாலேயே, எல்லாம் வெளியே வந்தது. லேட்டு கேட்டு முடித்துவிட்டு, "என்னைக்கு?" என்றாள். தேதியைச் சொன்னதும் ரொட்டிக்காரரைப் பார்த்தாள். அந்த வாரம் அவர்கள் இருவரும் மலைக்குப் போவதாக இருந்தது.

"மலை எங்கயும் போயிடாது," என்றார் அவர். பிறகு மைக்செட்டிடம், "தொண்டைக்கு உறுத்தாம, வாயில வெச்சா கரையற மாதிரி ஒரு ரொட்டி போட்டுத் தரேம்மா. அன்னிக்குக் காத்து எப்படி இருக்கும்னு இவகிட்ட கேட்டுக்கறேன்," என்றார்.

"மாப்பிள்ளை, உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு!" என்று மைக்செட் கத்தினாள். பதிவாளர் கையிலிருந்த முத்திரை கீழே விழுந்தது.

அன்று மதியம் அவர்கள் ரொட்டிக்கடையின் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அடுப்பை ஒட்டிய சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. யார் என்ன சொன்னாலும் சிரிப்பு வந்தது. சொல்லாவிட்டாலும் வந்தது. ரொட்டிக்காரர் தண்ணீர் கேட்டதற்குக்கூட மூவரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பாவம், அவர் எழுந்துபோய் தாமே எடுத்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சில நாள் வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை மைக்செட் கழுத்தில் கட்டோடு கட்டிலில் சாய்ந்து, கையில் கரண்டியும் தட்டும் வைத்துக்கொண்டு அழைப்பில் வந்தாள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை.

"வலிக்குதா?" என்றாள் லேட்டு.

இரண்டு தட்டு.

"ரொட்டி நல்லா இருந்துச்சான்னு கேக்கச் சொன்னாரு."

கரண்டி தாளம் போட்டது.

"சரி, என் கதையைக் கேளுங்க," என்றாள் ஒட்டடை. "நேத்து வண்டியைப் பின்னாடி எடுத்தேனா? தூணு அங்க இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் எடுத்தேன். நான் நிப்பாட்டறதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரர் வந்து, 'அம்மா, அந்தத் தூணை நான் வேணா நகர்த்தி வெச்சுக்கவா'ன்னு கேக்கறாரு..."

மைக்செட்டின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையணையைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள். தட்டு நழுவியது. கைப்பேசியும் நழுவி விழுந்து, திரையில் கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. ஓடிவந்து எடுத்த அவள் புருஷன் இருவரையும் முறைத்தார். "கொஞ்சம் பொறுங்கம்மா. அவ சிரிச்சு முடிக்கட்டும்," என்றார். அப்புறம் ஆவலை அடக்க முடியாமல் திரைக்குப் பக்கத்தில் வந்து, "ஆமா, தூணு என்னாச்சு?" என்று கேட்டார்.