எழுத்தருக்கு நான் வைத்த மீசை

1.

இந்தக் கதை திருட்டில் பிறந்தது. என் அக்கா வரலாற்று ஆய்வாளர். நவீன ஐரோப்பாவில் பெண்களின் உழைப்பு பற்றி இருபது வருடமாக ஆராய்கிறாள், பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். அவள் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன் என்று போன நான், மூன்றாம் அத்தியாயத்தைக் கதையாக்கக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் வசனம் பொறுக்குகிற ரகம் நான்.

அத்தியாயம் இதுதான். நூற்று முப்பது வருடங்களுக்கு முன் ஒரு கையுறைத் தொழிற்சாலை. தைப்பவர்கள் எல்லோரும் பெண்கள். ஜன்னலைத் திறக்க விடுங்கள் என்று நிர்வாகத்துக்கு நாற்பத்து மூன்று மனுக்கள் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே கையெழுத்து, முத்து முத்தாக. அலுவலக எழுத்தர் ஒருவர் இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது அக்காவின் வாதம். ஆணின் பேனா வழியே வந்த பெண்களின் குரல் எவ்வளவு மாறியது என்பது அவள் கேள்வி.

2.

முதல் தொடக்கம்: 'எழுத்தர் மீசையை முறுக்கிவிட்டு மைக்கூட்டைத் திறந்தார்.' (மீசை எந்த ஆவணத்திலும் இல்லை. நான் வைத்தது.)

இரண்டாவது: 'தையல்காரிகளில் ஒருத்திமேல் அவருக்கு...' வேண்டாம். காதல் இல்லாமல் எனக்கு ஒரு பத்தி நகராது என்று ஒரு விமர்சகர் எழுதியிருக்கிறார். அவருக்குச் சாட்சி சொல்ல நான் தயாரில்லை.

மூன்றாவது: 'பத்தொன்பதாம் மனுவை எழுதியபோது அவர் குடித்திருந்தார்.' இது அக்காவின் சரக்கு. அந்த ஒரு மனுவில் மட்டும் எழுத்து கோணல்மாணல். போதையாக இருக்கலாம் என்று அரைப்பக்கம் எழுதியிருக்கிறாள்.

3.

போதையை வர்ணிக்க வேண்டாமா? பத்தொன்பதாம் மனுவின் படத்தைக் கணினியில் பெரிதாக்கினேன். ஆவணக் காப்பகத்தில் அக்காவுக்குக் கிடைத்தது இரண்டே நாள். அவசரத்தில் முன்பக்கங்களை மட்டும் படமெடுத்திருந்தாள். ஆனால் தாள் மெல்லியது. பின்பக்கத்து மை மங்கலாக முன்னால் ஊறியிருந்தது. படத்தை இடவலமாகத் திருப்பினேன். இரண்டு வரிகள். எனக்கு அந்த மொழி தெரியாது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"இது என்னக்கா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்தாள். "'ஊசி ஏறி விரல் வீங்கிடுச்சு. இந்த வாரம் எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோங்க.'"

"எழுத்தருக்கு எதுக்குக்கா ஊசி?"

தைப்பவர்கள் எல்லோரும் பெண்கள் என்று எனக்குச் சொன்னவளே அவள்தான்.

அந்த இரண்டு வரிகளையும் மறுபடி படித்துவிட்டுச் சொன்னாள்: "எழுத்து அழகா இருந்துச்சு, ஆம்பளைன்னு முடிவு பண்ணிட்டேன். கோணலானதும் குடிச்சிருக்கான்னு எழுதினேன். அவளுக்குக் கை வலிச்சிருக்குடி."

4.

வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கான நேர்காணல். புத்தகம் இல்லையென்றால் வேலையும் இல்லை.

"ஒரு அடிக்குறிப்பு போட்டுடலாமே?"

"வீடே சரிஞ்சு கிடக்கு, குச்சி வச்சு முட்டுக் குடுக்கச் சொல்றியா?"

"பின்பக்கம் நம்ம ரெண்டு பேருக்குத்தானேக்கா தெரியும்." (ஆம், இதைச் சொன்னது நான்தான். வேறு யார் வாயிலாவது போடப் பார்த்தேன். அறையில் வேறு யாருமில்லை.)

அக்கா என் மடியைப் பார்த்தாள். "அப்போ அந்த நோட்டை எதுக்குடி திறந்து வச்சிருக்க?"

'அவளுக்குக் கை வலிச்சிருக்குடி' என்பதை அப்போதுதான் எழுதி முடித்திருந்தேன். மை காயவில்லை. எதிர்ப்பக்கத்தில் என் முதல் தொடக்கம், மீசையோடு.

"எழுதிக்கோ. சொன்னா கேக்கவா போற? ஆனா என் தப்ப எழுதினா உன் மீசையையும் எழுதணும். நானா வாயத் திறக்கிற வரைக்கும் இது வெளிய வரக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

5.

முடிவு ஒன்று: அக்கா பதிப்பகத்தை அழைத்து அச்சை நிறுத்துகிறாள். வேலை கைநழுவுகிறது. பெயர் தெரியாத தையல்காரி தன் நாற்பத்து மூன்று மனுக்களையும் திரும்பப் பெறுகிறாள். (கைதட்டல் வாங்கும். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: அக்கா மௌனமாக இருக்கிறாள். வேலை கிடைக்கிறது. குடிகார எழுத்தர் நூலக அலமாரிகளில் சட்டமாக உட்கார்ந்துகொள்கிறார். இந்தக் கதை என் மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது.

ஆனால் கதை இழுப்பறையில் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது. அப்படியென்றால் ஒன்று, அக்கா வாயைத் திறந்திருக்க வேண்டும். அல்லது நான் சத்தியத்தைக் காற்றில் விட்டிருக்க வேண்டும். எது என்று சொல்ல மாட்டேன். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். எழுத்து நன்றாக இருக்கிறதே, இவள் அப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்தை வைத்து ஆளை எடைபோட்டு நாங்கள் இரண்டு பேர் பட்டது போதும்.